ஆளுக்கொரு தட்டு

அன்பு மகன் ஹம்தானுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அத்தாவும் அவர் அண்ணன் பெரியத்தாவும் இறைவன் கிருபையால் நலம், கும்பகோணத்தில் மாப்பிள்ளை வீட்டில் உன் தங்கை ஃபஹ்மிதாவும் நலம். உன் காய்ச்சல் முழுதாக விட்டதா, இருமல் மிச்சம் இருக்கிறதா, படுத்தால் மூச்சு லேசாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். போனில் கேட்டால் “நல்லாருக்கேம்மா” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய், வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். அதனால்தான் உன் ரூமில் இருக்கும் லியாகத் அலி விடுமுறை முடிந்து தோஹா திரும்புகிறான் என்று தெரிந்ததும், மருந்துச்சீட்டு எழுதும் தாளிலேயே இதை எழுதி அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். என் கையெழுத்து புரியவில்லை என்றால் அங்கே ஏதாவது மருந்துக்கடையில் காட்டு, தமிழ் தெரியாவிட்டாலும் படித்துவிடுவார்கள். கல்யாணம் முடிந்ததிலிருந்து பெரியத்தா உன்னிடம் இப்படித் தேனாகப் பேசுகிறாரே, என்ன ஆயிற்று அவருக்கு என்று நேற்று கேட்டாய் அல்லவா, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சொல்லாதே என்று நீ சொன்ன ஒன்றை நான் சொல்லிவிட்டேன். திட்டுவதானால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

பொங்கல் முடிந்து சம்பா அறுவடை தொடங்கும்போதே இங்கே காய்ச்சலும் தொடங்கிவிட்டது. வழக்கமான பனிக்காலச் சளி என்றுதான் முதலில் நினைத்தேன், ஒரே வாரத்தில் கிளினிக் வாசலில் செருப்பு விட இடமில்லை, பரிசோதனைக்கு அனுப்பியதில் இன்ஃபுளுயன்ஸா என்று வந்தது. அறுப்பு மெஷின் வந்து வரப்பில் நிற்கிறது, வயல்காரருக்கோ நிற்க முடியாத காய்ச்சல், “ஒரு ஊசியப் போட்டு விடுங்க டாக்டரம்மா, சாயங்காலம் வயலுக்குப் போவணும்” என்று வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது. நம் நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கும் துரைராசு, குளுக்கோஸ் ஏற்றாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று பெஞ்சில் படுத்தேவிட்டார். வாய் வழியா கஞ்சி இறங்குற ஆளுக்குக் கை வழியா எதுக்குத் தண்ணி என்று நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஈஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். வைரஸுக்கு ஆண்டிபயாடிக் வேலை செய்யாது என்று நானும் கிளினிக் திறந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவர்களும் அன்றிலிருந்து அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை. வயதானவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், மூச்சுக்கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு மட்டும் அதற்கென்று உள்ள மாத்திரையைத் தாமதிக்காமல் கொடுத்தேன், சிலரைத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மற்ற எல்லோரிடமும் கேட்பது இவ்வளவுதான், மூச்சு வாங்குதா, குடிக்கிற தண்ணி உள்ள நிக்குதா, ஆள் தெளிவாப் பேசுறாங்களா. மூன்றும் சரியாக இருந்தால் வீட்டுக்குப் போய் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கட்டும், ஒன்று கோணினாலும் நேரம் காலம் பார்க்காமல் தூக்கிக்கொண்டு வரட்டும். இதைப் பதறாமல் சொன்னால் பாதிப் பேருக்கு அங்கேயே முகம் தெளிந்துவிடுகிறது. நான் மட்டும் கல்லா என்ன, எனக்கும் பதற்றம் வந்த நாள் உண்டு. அன்று போனை மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, அஸர் தொழுது, ஒரு டீ குடித்த பிறகுதான் அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் வரும் வைத்தியத்தை எல்லாம் படித்தால் டாக்டருக்கே காய்ச்சல் வந்துவிடும்.

இதற்கு நடுவில்தான் ஃபஹ்மிதா நிக்காஹ். தேதியைத் தள்ளலாமா என்று சம்பந்தி வீட்டாரிடம் பேசினோம், நோன்புக்கு முன்னால் வேறு நாள் அமையவில்லை, மாப்பிள்ளைக்கும் லீவு கிடையாது. பந்தலை நாலு பக்கமும் திறந்தாற்போல் போடுவோம், காய்ச்சல் உள்ளவர்கள் வீட்டிலிருந்தே துஆ செய்யட்டும் என்று சொல்லிவிடுவோம் என்று முடிவானது. அதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்த பெரியத்தா, நான் சஹன் பேச்சை எடுத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தால் நாலு முகமும் ஒரு முழ தூரத்துக்குள் இருக்கிறதே, அதில் ஒருவர் இருமினால் போதாதா, இந்தக் கல்யாணத்துக்கு மட்டும் ஆளுக்கொரு தட்டு வைப்போம் என்றேன். “ஏம்மா, நாம கல்யாணம் நடத்துறமா, ஓட்டல் நடத்துறமா? எதுத்தாப்ல இருக்கறவன் பக்கம் நல்ல கறித்துண்டத் தள்ளி விடாமச் சாப்புட்டா அதுக்குப் பேரு விருந்தா? ஒங்க கை பட்டத நாங்க தின்ன மாட்டோம்னு வந்தவங்க மூஞ்சில அடிச்ச மாதிரில்ல இருக்கும்” என்று பிடித்துக்கொண்டார். அவர் சொன்னதும் பொய்யில்லை. நம் ஊரில் பேச்சுவார்த்தை அறுந்துபோன வீட்டாரைக்கூட ஒரே சஹனில் உட்காரவைத்துத்தானே சேர்த்துவைக்கிறார்கள். ஆனால் எனக்கு இருந்த பயம் ஊரைப் பற்றியதல்ல, அவரைப் பற்றியது. போன மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுத்துப் பிழைத்து வந்தவர், இன்ஹேலர் இல்லாமல் மாடிப்படி ஏற முடியாதவர், ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியதற்கு அடுத்த மாசம் அடுத்த மாசம் என்று கடத்தியவர். வீட்டுக்குப் பெரியவர் என்பதால் முதல் சஹனில் உட்காருவதும் அவர்தான், அவரோடு ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்று வருகிறவர்களெல்லாம் முண்டுவார்கள். இந்தக் காய்ச்சல் அவருக்கு ஒட்டிக்கொண்டால் காப்பாற்றுவது கஷ்டம் என்று அத்தாவிடம் மட்டும் சொன்னேன். உன் அத்தா அண்ணன் முன்னால் என்றைக்கு வாய் திறந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் உன் போன் வந்தது. பெட்டி கட்டியாயிற்று, தங்கைக்கு வாங்கிய சாமான் எல்லாம் உள்ளே வைத்தாயிற்று என்று முந்தின நாள் சொன்ன பிள்ளை, ரூமில் இரண்டு பேருக்குக் காய்ச்சல், எனக்கும் தொண்டை கரகரவென்று இருக்கிறது, டிக்கெட்டை கேன்சல் செய்துவிட்டேன் என்கிறாய். எனக்குக் கோபம்தான் வந்தது. அண்ணன் இல்லாமல் என்ன நிக்காஹ், மாஸ்க் போட்டுக்கொண்டு வந்து மாடி அறையில் தனியாக இரு என்று டாக்டருக்குப் படித்த நானே சொன்னேன். அதற்கு நீ, “வந்தா பெரியத்தா கட்டிப்புடிக்காம விடுவாங்களாம்மா? அதோட பிளேன்ல பக்கத்துல உக்காந்து வர்றவங்க வீட்லயும் ஒரு பெரியத்தா இருப்பாங்கல்ல” என்றாய். காரணத்தைப் பெரியத்தாவிடம் சொல்லாதீர்கள், தன்னால்தான் பையன் வரவில்லை என்று மனசு ஒடிந்துபோவார், லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள் என்று வேறு சத்தியம் வாங்கிக்கொண்டாய். மறுநாளே உனக்கு நூற்றிரண்டு டிகிரி.

சொன்ன சொல்லைக் கல்யாணத்துக்கு முதல் நாள் வரை காப்பாற்றினேன். அன்று வீடு நிறைய சொந்தக்காரர்கள், கூடத்தில் பெண்கள் மருதாணி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஹம்தான் எப்போது வருகிறான் என்று யாரோ கேட்டார்கள். லீவு இல்லையாம் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, பெரியத்தா எல்லோர் காதிலும் விழும்படி, “காசு ருசி கண்டவனுக்குத் தங்கச்சி என்ன, தாய் தகப்பன் என்ன” என்றார். மருதாணிக் கையோடு ஃபஹ்மிதா எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, அவர் முன்னால் நான் குரல் உயர்த்தியதே கிடையாது, அன்று உயர்த்திவிட்டேன். அவன் வராதது காசுக்காக இல்லை, உங்க நெஞ்சுக்காக என்று தொடங்கி, தொண்டை கரகரத்தது, டிக்கெட்டை விட்டது, பிளேனில் பக்கத்தில் உட்காருகிறவரைப் பற்றி நீ சொன்னது, உங்களிடம் சொல்லக் கூடாது என்று நீ கேட்டுக்கொண்டது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அவர் சட்டைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தார், இழுக்கவில்லை, கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அத்தாவைப் பார்த்து, “தம்பி, பாத்திரக்கடைல தனித் தட்டு எத்தன இருக்குன்னு கேளு” என்றார். என்னைப் பார்க்காமலே, “அந்தப் பய தங்கச்சி கல்யாணத்தையே விட்டுட்டான், நான் ஒரு சஹன விட மாட்டனா” என்றார். குரல் பாதியில் உடைந்துவிட்டது ஹம்தான். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் நீ போர்வைக்குள் படுத்துக்கொண்டு போனில் நிக்காஹ் பார்த்தாயே, அதற்குப் பிறகு சிக்னல் போய்விட்டது, விருந்தை நீ பார்க்கவில்லை. பந்தியில் தட்டுகளைப் பார்த்து நாலு பேர் முகம் சுளிப்பதற்கு முன்னாலேயே பெரியத்தா மைக்கை வாங்கிவிட்டார். “எங்க வீட்டுப் பய ஹம்தான், காய்ச்சலோட வந்து ஒங்க யாருக்கும் குடுத்துடக் கூடாதுன்னு டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுட்டு அங்கயே படுத்துக் கெடக்குறான். அவனுக்காக இன்னக்கி ஆளுக்கொரு தட்டு. குத்தம் சொல்றதா இருந்தா எங்கிட்டச் சொல்லுங்க, நான் அவனோட பெரியத்தா” என்றார். போனில் இருக்கிற டிக்கெட்டைக் கிழிக்க முடியாது என்று அவருக்கு யார் போய்ச் சொல்வது. அதோடு விட்டாரா, கறித்துண்டைத் தள்ளிவிட முடியாத குறைக்கு, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஒரு கரண்டியோடு வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொருவர் தட்டிலும் நல்ல துண்டாகப் பார்த்து வைத்தார். நடுநடுவே நின்று மூச்சு வாங்கிக்கொண்டார், கரண்டியை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை.

விருந்துக்கு வந்தவர்களில் ஓரிருவருக்குப் பிறகு காய்ச்சல் வந்தது, அது பந்தலில் பிடித்ததா பஸ்ஸில் பிடித்ததா என்று எனக்குத் தெரியாது, தட்டு காப்பாற்றியது என்று மார்தட்டவும் மாட்டேன். பெரியத்தாவுக்கு இன்று வரை ஒரு தும்மல்கூட இல்லை, எனக்கு அது போதும். போன வாரம் தானாகவே கிளினிக்குக்கு வந்து தடுப்பூசிக்குக் கையை நீட்டினார். லியாகத் அலி வந்து சொன்னதையும் எழுதிவிடுகிறேன். காய்ச்சல் விட்டு எழுந்ததும் ரூமில் விழுந்துகிடந்த மற்றவர்களுக்கு நீதான் கஞ்சி வைத்தாயாம், யார் யார் தண்ணீர் குடித்தார்கள் என்று கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தாயாம், மூச்சு வாங்கிய ஒருவரை நீதான் டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாயாம். டாக்டர் வீட்டுப் பிள்ளை கிடங்கில் வேலை பார்க்கிறானே என்று கேட்டவர்களுக்கு இத்தனை நாள் நான் பதில் சொன்னதில்லை. இனி சொல்லப் போகிறேன். நிறையப் படித்த எனக்கு அந்த நேரத்தில் தோன்றாதது உனக்குத் தோன்றியது, எனக்குப் பெருமை தாங்கவில்லை மகனே.

முந்தாநாள் நான் உள்ளே ஒரு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மேலத்தெரு அம்மாள் ஒருவர், “ஹம்தான் அம்மா வந்துட்டாங்களா?” என்று ஈஸ்வரியிடம் கேட்கிறார். டாக்டரம்மான்னு சொல்லுங்க என்று ஈஸ்வரி முறைத்திருக்கிறாள். அவங்க சொன்னது சரிதான், உள்ள அனுப்பு என்று நான் இங்கிருந்தே குரல் கொடுத்தேன்.

நோன்பு வருகிறது, சஹர் நேரத்தில் தண்ணீர் நிறையக் குடி, உடம்பில் அசதி மிச்சம் இருந்தால் வீம்பு பிடிக்காதே, விட்டதைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம். லியாகத் அலியிடம் நார்த்தங்காய் ஊறுகாயும் பருத்தித் துண்டும் கொடுத்திருக்கிறேன், ஊறுகாயை ரூமில் எல்லோருக்கும் கொடு. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பெரியத்தாவுக்கு மறக்காமல் போன் செய், வியாழக்கிழமை சாயங்காலமே சார்ஜ் போட்டு வைத்துவிடுகிறார். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் குறையாத உடல்நலத்தையும் இதே மனசையும் தரட்டும்.

இப்படிக்கு,
ஹம்தான் அம்மா,
சபிஹா