தீயணைப்பானுக்கு வைத்த குங்குமம்

சார்,

உங்கள் படத்தில் பிளாஸ்டிக் மாலை போட்டிருந்தார்கள். அதன் நுனிக்கும் கீழே எரிந்த விளக்குக்கும் ஒரு விரற்கடைதான் இடைவெளி. கருமாதிக்கு வந்தவர்கள் அதைக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். எனக்கு இலையில் உட்கார முடியவில்லை. சுடரையே பார்த்துக்கொண்டு நின்றேன். துக்கம் என்று நினைத்து யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

நீங்கள் பிசிக்ஸ், நான் கெமிஸ்ட்ரி. புத்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே லேப். அந்த அறைக்கு இரண்டாவது கதவு ஒன்று உண்டு என்பதே நாம் உடைந்த பெஞ்சுகளை அப்புறப்படுத்திய பிறகுதான் பள்ளிக்குத் தெரிந்தது. ஜன்னல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த ஸ்பிரிட் பாட்டில்களை இரும்பு பீரோவுக்கு மாற்றினோம். வாளிகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து மணல் நிரப்பினோம். கல்வி ஆபீசுக்கு நடையாய் நடந்து தீயணைப்பான் வாங்கிவந்தது நீங்கள்தான். திருப்பதியிலிருந்து ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். எதிர் சீட்டுக்காரர், "இன்னா சார், கேஸ் சிலிண்டரா?" என்றார். "இல்லபா, புள்ளைங்களுக்குப் பாதுகாப்பு" என்றீர்கள். அப்போது உங்கள் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது.

நம் லேபில் ஆயுத பூஜை நடக்கும் விதம் உங்களுக்குத் தெரியும். காலையில் மேஜைகளையும் குடுவைகளையும் ஸ்பிரிட் தோய்த்த துணியால் பளபளவென்று துடைப்பார்கள். துடைத்த துணியையும் மூடாத பாட்டிலையும் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, மேலே பட்டுத்துணி விரித்து, சரஸ்வதி படம் வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். ஸ்பிரிட்டையும் நெருப்பையும் கிட்டே கொண்டுபோகாதே என்று வருடம் முழுக்கப் பாடம் நடத்துகிறவர்கள் நாம்தான். பூஜை அன்று பாடத்துக்கும் விடுமுறை.

பூஜையை வராண்டாவில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று ரயிலில் உங்களிடம் சொன்னேன். ரேணிகுண்டாவில் வண்டி நின்றிருந்தது. வடையைப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்தபடி, "மீட்டிங்ல நீங்க பேச்ச எடுங்க சார், மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றீர்கள்.

எடுத்தேன். ஹெட்மாஸ்டர் உங்களைப் பார்த்தார். அவர் ஓய்வுபெற இருந்தார். அந்த நாற்காலிக்கு அடுத்தவர் நீங்கள். "சாருக்குச் சாமி நம்பிக்கை கொஞ்சம் கம்மி. ஏம் காது, உள்ளயே செஞ்சிக்கலாம்" என்றீர்கள். ஒன்றும் ஆகாது என்பதை 'ஏம் காது' என்று நீங்கள் தெலுங்கில்தான் சொல்வீர்கள். தமிழ் சார் உடனே, "இன்னா சார், சரஸ்வதியே வந்து கொளுத்திடுமா?" என்றார். அறையே சிரித்தது. நீங்களும்தான். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நான் தவறாமல் மலையேறுகிறவன் என்பது அந்த அறையில் ஒருவருக்குத் தெரியும். கூடவே ஏறியவர் நீங்கள்.

அந்த வருடப் பூஜையில் தட்டு சரிந்து கற்பூரம் மேஜைக்கு அடியில் விழுந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் நெருப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆரத்தி ஒற்றிக்கொள்ள முன்னால் நின்ற பத்தாம் வகுப்புப் பெண் கத்திய பிறகுதான் அவள் தாவணி எரிவது தெரிந்தது. தீயணைப்பானுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை கட்டியிருந்தார்கள். மாலையின் நார், இழுக்க வேண்டிய பின்னைச் சுற்றி இறுகியிருந்தது. மணல் வாளி நிறைய ஊதுபத்தி. இரண்டாவது கதவுக்குக் குறுக்கே வாழைமரம். வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்த ஈரச் சாக்கை எடுத்து அவள்மேல் போர்த்தி அமுக்கினேன். அந்த அறையில் பொட்டு வைக்கப்படாத ஒரே பொருள் அதுதான்; அதனால் உபயோகப்பட்டது. பெண் பிழைத்தாள். இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் வேறு நிறமாகிவிட்டது.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் என்னை வைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "ஸ்பிரிட்டு கெமிஸ்ட்ரி சார் பொறுப்புங்க. ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்போம்." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ் சார் ஜன்னலுக்கு வெளியே எதையோ ஆராய்ந்தார். எனக்கு மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கும் குப்பத்துக்கு மாற்றல் வந்தது, உங்களுக்கு நாற்காலி வந்தது.

உங்களுக்கு உண்மையிலேயே மறந்துபோயிருக்கும் என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறதி என்றால் மன்னிக்க வழி உண்டு. கருமாதியன்று உங்கள் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணா, அவரு உங்களப் பத்தியே சொல்லிக்கினு இருப்பாரு. 'மீட்டிங்ல அவன் தெளிவா சொன்னான், நான்தான் கெடுத்துட்டேன்'னு" என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார், பாவம். ஆக, உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது. சமையலறையில் சொல்ல முடிந்ததை ஆபீஸ் அறையில் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

குப்பத்துப் பள்ளியில் தினமும் காலையில் லேபின் இரண்டாவது கதவை நானே திறக்கிறேன். பிள்ளைகளை வரிசையாக விட்டுத் தீயணைப்பானின் பின்னை எப்படி இழுப்பது என்று தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன். ஆயுத பூஜைக்கு வராண்டா. அங்கேயும் எனக்கு நம்பிக்கை கம்மி என்றுதான் பேச்சு. நீங்கள் சொன்னது எனக்கு முன்பாகவே குப்பம் போய்ச் சேர்ந்திருந்தது.

கிளம்பும்போது உங்கள் விளக்கை ஒரு முழம் தள்ளி வைக்கக் குனிந்தேன். உங்கள் மகன் வாசற்படியிலிருந்து, "ஏம் காது அங்கிள், இருக்கட்டும்" என்றான். உங்கள் குரல் அப்படியே.

தள்ளி வைத்துவிட்டுத்தான் வந்தேன்.