முன்னிருக்கை தொடர்பாக

1. இன்று, வைகாசித் திங்கட்கிழமை: நேற்று கொண்டுவந்த அழகர்கோவில் தோசையின் நெய் மணம் வீடெங்கும். பங்குக்குச் சண்டையிட நீ இல்லை, நண்பா.

2. சென்ற ஆண்டு சித்திரை: முன்னறிவிப்பின்றி இறந்துபோனாய்.

3. சில ஆண்டுகளுக்கு முன், ஆயுத பூஜைக்கு முந்தைய நாள்: நான் கார் வாங்கச் சென்ற கடையில், விற்பனையாளர் முன்னிலையிலேயே ஒரே கேள்வியில் என்னை மடக்கினாய்.

மூன்றாவதை இன்னும் மன்னிக்கவில்லை. ஏழு இருக்கைக் காரின் கதவை விற்பனையாளர் பெருமையோடு திறந்தார். நீ உள்ளே எட்டிப் பார்த்தாய்.

"இம்புட்டுப் பெரிய வண்டில யாரை ஏத்திக்கிட்டு எங்க போவ மாப்ள?"

"காலேஜுக்கு வேலைக்குப் போகத்தான்."

"தனியாவா? மூணு மாசம் துணி போட்டுத் தொடைப்ப. அப்புறம் அதுவும் ஒரு வண்டிதான்."

"அண்ணே, நீங்க இனிமே எங்க கடைப்பக்கம் வராதீங்க," என்று விற்பனையாளரே சிரித்துவிட்டார்.

கார் வாங்கவில்லை. அடுத்த வைகாசியில் அழகர்கோவிலுக்கு வேன் பிடித்தோம். உன் குடும்பம், என் குடும்பம், கப்பலூரில் நீ நடத்திய பட்டறை ஆட்கள் எல்லோரும் ஏறினோம். முன்னிருக்கையில் அமர்ந்து ஓட்டுநரை அதட்டினாய்: "மெதுவாப் போப்பா! அழகர் ஊர் சுத்திட்டு மலைக்குத் திரும்பிட்டாரு, இனி எங்கயும் போக மாட்டாரு." என்னோடு அதிகம் பேசாத என் மகன் அன்று வழியெல்லாம் பேசினான். ஆண்டுதோறும் அந்தப் பயணம் தொடர்ந்தது.

சென்ற ஆண்டு துக்கத்தில் யாரும் போகவில்லை; இந்த ஆண்டு உன் மனைவி மறுத்துவிட்டார். தலைத்திதி முடிந்தும் அவர் வாசல் தாண்டவில்லை. "அவுக இல்லாத வண்டில நான் எப்படிண்ணே ஏறுவேன்?"

அவர் வராவிட்டால் அந்தப் பயணமும் உன்னோடு முடிந்திருக்கும். நேற்று காலை வேனை உங்கள் வாசலிலேயே நிறுத்தினேன். "தங்கச்சி, நீ ஏறலைன்னா யாரை ஏத்திக்கிட்டு எங்க போக?" என்றேன். உன் கேள்விதான். வெகுநேரம் கழித்து, சேலை மாற்றிக்கொண்டு வந்தார். யாரையும் கேட்காமல் முன்னிருக்கையில் ஏறினார். வளைவில் வண்டி வேகமெடுத்ததும் முன்னிருக்கையிலிருந்து அவர் குரல்: "மெதுவாப் போப்பா! அழகர் எங்கயும் போக மாட்டாரு." வேனே அதிர்ந்து சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே அவரும் சிரித்தார்.

கடைகளில் எதைத் தொட்டாலும் உன் கேள்வி என் கையைப் பிடிக்கிறது. அதைச் சுமந்து திரிகிறேன். அதற்கும் உன்மீது கோபம்தான்.

இறுதியாக, முன்னிருக்கை இனி உன் மனைவிக்கே உரியது. ஆட்சேபணை இருப்பின், வரும் ஆடி அமாவாசைக்குள் எழுத்து மூலம் பதில் அனுப்பவும். காத்திருக்கிறேன்.