ஆற்றுக்கு இந்தப் பக்கம்

அன்புள்ள டால்டன் அண்ணனுக்கு,

நாங்கள் நலம். கப்பலில் நீயும் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறோம். இந்தக் கடிதத்தில் எதையும் கூட்டாமல் குறைக்காமல், நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். வீட்டில் எழுத முடியாது என்பதால் நூலகக் கம்ப்யூட்டரில் மின்னஞ்சலாக அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவின் வலது கை இன்னும் மடங்கவில்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவ அம்மாவை விடுவதில்லை. "அந்தக் கை லீவுல இருக்கு, இந்தக் கை ஓவர்டைம் பாக்குது" என்கிறார். சிரிப்பது அவர் மட்டும்தான். மர ஆலையில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. விபத்து நடந்த அன்று காலையில் சோளக்கஞ்சி குடித்தது வரைக்கும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கட்டில்தான்.

செவ்வாயன்று வக்கீல் திருமதி ப்ரூயிட் வந்தார். இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், இந்த மாதம் பத்தொன்பதாம் தேதி கெடு முடிகிறது. தீவன ஆலை லாரி நிற்காமல் திரும்பியதில் சந்தேகமே இல்லை என்றார். ஆனால் நம் அலபாமாவில், அடிபட்டவர் பேரில் நூற்றில் ஒரு பங்கு தவறு இருந்தாலும் போதும், நஷ்டஈடு துளியும் கிடைக்காதாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜார்ஜியாவில் என்றால் அந்த ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுவார்களாம். விபத்து எங்கே நடந்ததோ அந்த இடத்துச் சட்டம்தான் செல்லும். ஆற்றுப் பாலத்துக்கு அரை மைல்தான் இருந்தது, அண்ணா.

"அடிபடக்கூட நமக்கு இடம் பாத்து அடிபடத் தெரியல" என்றாள் அம்மா.

அப்பா வக்கீலிடம், "முப்பது வருசமா வண்டி ஓட்டுறேங்க. ரோட்டுல இருந்து கண்ண எடுக்கிற ஆளு நானில்ல. எம் பொண்ணு பக்கத்துலதான் இருந்தா, கேட்டுப் பாருங்க. அவளுக்குப் பொய் வராது" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

விபத்து நடந்த அன்றைக்கு விளக்குக் கம்பத்தின் மேல் ஒரு கழுகு, காலில் உயிருள்ள மீனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது. "அப்பா, அங்க பாருங்க" என்றேன். பார்த்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று, வீட்டில் நான் தனியாக இருந்தபோது லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒருவர் போன் செய்தார். மிக மரியாதையாகப் பேசினார். பதிவு செய்துகொள்ளட்டுமா என்று கேட்டார், சரி என்றேன். கழுகு, மீன், அப்பா எவ்வளவு நேரம் திரும்பியிருந்தார் என்பது வரை எல்லாம் சொன்னேன். "ரெண்டு செகண்ட் இருக்கும் சார்." "எவ்ளோ நல்லா கவனிச்சிருக்க பாப்பா" என்றார். அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வீட்டிலிருந்து யாராவது அவர்களிடம் பேசினீர்களா என்று செவ்வாயன்று வக்கீல் கேட்டபோது, இல்லை என்று அம்மா சொன்னாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை கையெழுத்து வாங்க வக்கீல் மறுபடி வருகிறார். அதற்குள் நான் சொல்லியாக வேண்டும். வக்கீலிடம் சொல்லிவிடுவேன். அம்மாவிடமும் சொல்லிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அப்பாவிடம் கொஞ்சம் அதிக நேரம் பேசு. அவரைச் சிரிக்க வை. போனை மட்டும் வைத்துவிடாதே, அண்ணா. நீ லைனில் இருக்கும்போதே அவரிடம் சொல்லிவிடுகிறேன். கடவுள் உன்னைக் கரை சேர்க்கட்டும்.

உன் அன்புத் தங்கை,
கோரின்

இங்கே விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.