வடக்குக் கோல் இருந்த இடத்தில்

விசில் சத்தத்திலேயே நான் அடையாளம் கண்டுகொண்ட என் அத்தானுக்கு,

உங்களுக்கு மண்டபம் கட்டி முடித்துவிட்டார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வெள்ளையடித்த சுவர், நெற்றியில் கருங்கல். கல்லில் உங்கள் பெயருக்கு முன்னால் 'கால்பந்துச் செம்மல்' என்று வெட்டியிருக்கிறது. பட்டம் கொடுத்தது நான்தான். உயிரோடு இருந்தவரை கல்லூரியில் உங்களை டிரில் மாஸ்டர் என்றே சொன்னார்கள். செம்மல் ஆவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அப்போது யாரும் உங்களிடம் சொல்லவில்லை.

தை பிறந்ததும் திறப்பு விழா. மண்டபம் நிற்பது நம் மைதானத்தின் வடக்குப் பாதியில். தெற்குப் பாதியில் மீந்த ஜல்லியும் செங்கலும் கிடக்கின்றன. விளையாட இடம் இல்லாத குழுவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடி, கல்லூரியில் கால்பந்து இருக்குமா இருக்காதா என்று முடிவு செய்யப் போகிறது. இந்தச் செய்தி வேறு யார் வாயிலாகவும் உங்களுக்கு வந்து சேரக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முகவரி இல்லாதவருக்கு எழுதும் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. அதனால் நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் திரும்பச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தமிழ் விரிவுரையாளன். தெரிந்ததைத் திரும்பச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

நம் ஊரில் கொடைக்கு என்றைக்குமே குறைவில்லை. ரங்கூனிலும் பினாங்கிலும் சம்பாதித்த பணம் இங்கே பள்ளிக்கூடமானது, கல்லூரியானது, ஊருணிக்குப் படிக்கட்டானது. கால்பந்துக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. கொடுக்கிறவர் பெயரை எழுத ஓர் இடம் வேண்டும். கட்டடத்தில் சுவர் இருக்கிறது, பீரோவில் கதவு இருக்கிறது, மின்விசிறியில்கூட மூன்று இறக்கை இருக்கிறது. கால்பந்து ஷூவில் எங்கே எழுதுவது?

ஒரு செட்டியாரிடம் நாம் இருவரும் போய் நின்றோமே, நினைவிருக்கிறதா? மோர் கொடுத்து உட்கார வைத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பேச்சு முடிந்ததும் நீங்கள், பந்திலேயே அவர் பெயரை எழுதிவிடலாம் என்று சொன்னீர்கள்.

"ஏன் வாத்தியாரே," என்றார் அவர். "பந்துல எம் பேரப் போட்டுட்டு, அத இருவத்திரெண்டு பேரு சேந்து உதைப்பீக. நான் பாத்துக்கிட்டு கைதட்டணுமாக்கும்?"

தெருவுக்கு வந்த பிறகு நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "அவரு சொல்றதும் ஞாயந்தான் மாப்ள," என்றீர்கள். பயல்கள் அந்த வருடமும் வெறுங்காலோடுதான் விளையாடினார்கள்.

பிறகு பர்மாவில் இருந்ததெல்லாம் அந்த ஊர் அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. கொடுத்துக்கொண்டிருந்த குடும்பங்களே வீட்டைப் பிரித்து விற்க ஆரம்பித்தன. நெற்குப்பையில் ஒரு வீட்டைப் பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். முற்றத்தில் தேக்குத் தூண்களும் உத்தரங்களும் அடுக்கிக் கிடந்தன. விலை பேச வந்த மதுரை வியாபாரி ஒருவர் வெளியே காத்திருந்தார். வீட்டு ஆச்சி நம்மையும் வியாபாரி என்றே நினைத்தார்.

"எங்கய்யா பர்மாவுலேருந்து கப்பல்ல கொண்டாந்த மரம். நீங்க இதுல என்ன செய்யப் போறீக?"

"கோல் போஸ்ட்டு, ஆச்சி."

"அப்படின்னா?"

"ரெண்டு தூணு, மேல ஒரு உத்தரம். பந்து உள்ள போறதுக்கு."

"வாசல்னு சொல்லுங்க. கதவு போடுவீகளா?"

"கதவுக்குப் பதிலா ஒருத்தன் நிப்பான், ஆச்சி."

ஆள் நிற்கிற வாசல் மோசமில்லை என்று ஆச்சிக்குத் தோன்றியிருக்க வேண்டும். இரண்டு தூணும் ஓர் உத்தரமும் இனாமாகக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனைதான். "வாசல்னா நெலைதானே. நெலைக்கிச் செய்ய வேண்டியதச் செஞ்சு நடுங்க. சும்மா ஊண்டிப்புடாதீக."

நீங்கள் சொன்ன சொல் தவறவில்லை. நல்ல நேரம் பார்த்து, மஞ்சளும் குங்குமமும் வைத்து, மாவிலை கட்டி, தேங்காய் உடைத்து வடக்குக் கோலை நட்டோம். வீட்டுக்கு நிலை வைப்பதைப்போல ஒரு கோல் போஸ்ட்டுக்கு நிலை வைத்த ஊர் தமிழ்நாட்டில் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும். தெற்கே சவுக்குக் கம்புதான். எதிரணிக் கோல் காப்பாளன் எப்போதும் தேக்குப் பக்கமே கேட்டான். அந்த நிழலில் கொஞ்சம் நிற்கலாம்.

நாம் ஜெயித்தது குறைவு. அதை மறைத்து எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். மதுரையில் நடந்த கடைசி ஆட்டத்தில் ஆறு கோல் வாங்கினோம். பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பினோம். திருப்பத்தூர் தாண்டியதும் நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "போன வருசம் எட்டு, மாப்ள. இந்த வருசம் ஆறுதான்." பிறகு, கொஞ்சம் காற்று வரட்டும் என்று சன்னல் பக்கம் மாறி உட்கார்ந்தீர்கள். குன்றக்குடியில் பயல்கள் உங்களை எழுப்பினார்கள்; நீங்கள் எழுந்திருக்கவில்லை.

ஆறு என்பதை நீங்கள் தோல்வியாகச் சொன்னீர்களா, வளர்ச்சியாகச் சொன்னீர்களா? இத்தனை நாளாக யோசிக்கிறேன். இரண்டில் எது என்று தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

இரங்கல் கூட்டத்துக்கு ஊர் முழுக்க வந்தது. ஷூ கேட்டபோது வீட்டில் இல்லாதவர்கள் எல்லாம் அன்றைக்கு முன்வரிசையில் இருந்தார்கள். ஒருவர் எழுந்து நினைவு மண்டபம் என்றார். உடனே பணம் குவிந்தது. மண்டபம் என்றால் சுவர் உண்டு. ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு பெயருக்கு என்று அப்போதே பேசி முடித்தார்கள். நீங்கள் வருடக்கணக்கில் வீடு வீடாகப் போய்ச் செய்ய முடியாததை, ஒன்றுமே செய்யாமல் படுத்திருந்து அரை மணி நேரத்தில் சாதித்தீர்கள்.

தாளாளர் என்னைப் பார்த்தார். "மச்சினன் என்ன சொல்றீக? குடும்பத்துக்குச் சம்மதந்தானே?"

அக்கா வீட்டில் இருந்தாள். அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். மண்டபம் வேண்டாம், மைதானத்துக்கு ஒரு வேலி போதும் என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேரும் என் அத்தானுக்காக எழுந்து நிற்கிறார்கள் என்ற பெருமையில் அதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. "ஒங்க இஷ்டப்படி செய்ங்கய்யா" என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சிறிய சொற்பொழிவு அது. அதற்குத்தான் இவ்வளவு பெரிய பலன்.

மனை பார்க்க வந்த கொத்தனார் மைதானத்தைச் சுற்றி வந்தார். வாசல் கிழக்கு பார்க்க வேண்டும், அதற்கு வடக்குப் பாதிதான் தோதான இடம் என்றார். தேக்கைப் பிடுங்கப் போன ஆட்களை அவரே தடுத்தார். "ஏப்பா, மஞ்சத் தடம் தெரியுது பாரு. இது பூச போட்ட நெல. அங்குட்டு இங்குட்டுத் தூக்கிப் போட்டா ஆகாது. மண்டவத்து வாசலுக்கே வச்சிருவம்."

அப்படியே செய்தார்கள். உத்தரத்தை எட்டடிக்கு அறுத்தார்கள். உங்கள் கோல் இப்போது உங்கள் மண்டபத்தின் வாசல். இரட்டைக் கதவும் பித்தளைப் பூட்டும் போட்டாயிற்று. இந்தக் கதவு முன்பே இருந்திருந்தால் யாரும் நமக்கு ஆறு கோல் போட்டிருக்க முடியாது.

மீந்த பணத்தை வங்கியில் போட்டிருக்கிறார்கள். அதன் வட்டியில் ஆண்டுதோறும் உங்கள் நினைவாகப் பேச்சுப் போட்டி. தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் எனக்கே. உங்கள் காலத்தில் மைதானம் இருந்தது, பணம் இல்லை. இப்போது உங்கள் பெயரில் பணம் இருக்கிறது.

பயல்கள் கோடை முழுவதும் காய்ந்த கண்மாய்க்குள் விளையாடினார்கள். ஐப்பசியில் மழை பிடித்தது. கேப்டன் ராமையா என் வகுப்பு வாசலில் வந்து நின்றான். திருக்கோஷ்டியூர்ப் பக்கத்து விவசாயி மகன். நீங்கள் கடைசியாகச் சேர்த்த பையன்.

"கண்மாய்க்குத் தண்ணி வந்துருச்சு சார். கரையில நின்னு பாத்துட்டு வந்துட்டோம்."

"அப்பாவுக்குச் சந்தோஷமா இருக்குமேடா?"

"நாத்துப் பாவியாச்சு சார். ஒனக்கும் சந்தோஷந்தானேடான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன்."

போன வாரம், திறப்பு விழாவுக்கு முன்னால் அக்கா ஒரு தடவை பார்க்கட்டும் என்று தாளாளர் காரை அனுப்பினார். விளக்கேற்றப் போகிறவள் அவள்தானே. உங்களுக்குத் தெரியும், நீங்கள் இருந்தவரை அவள் ஒரு நாளும் மைதானத்துக்கு வந்ததில்லை. துணியில் ஒட்டி வரும் செம்மண்ணை வைத்துத்தான் அவளுக்கு அது பழக்கம். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். கல்லில் உங்கள் பெயரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அவுக பந்து வெளாட விட்ட எடம் எங்குட்டுடா?"

"இதுதான்க்கா."

"இதுன்னா?"

"நீ நிக்கிற எடம்."

குனிந்து தரையைப் பார்த்தாள். கால் வைக்கக் கூடாத இடத்தில் வைத்தவள்போல மெல்லச் சுவரோரமாக நகர்ந்து நின்றாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டாள்.

"குடும்பத்துக்குச் சம்மதமான்னு கேட்டாகளாமே. குடும்பம்னா நீயாடா?"

இலக்கணம், இலக்கியம், உரை எல்லாம் படித்தவன் நான். அவள் கழற்றிய செருப்பை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"ஹாஸ்டலுக்குப் பின்னாடி கருவக்காடு சும்மாத்தானே கெடக்கு," என்றாள் அக்கா. "அத வெட்டிப் பயலுகளுக்கு வெளாடக் குடுத்தா நான் வந்து வெளக்கேத்துறேன். இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்கிறச் சொல்லு. நீயே சொல்லிருவியா, நான் வரணுமா?"

நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் என்னை நம்பியதாகத் தெரியவில்லை.

உங்களிடம் பொய் சொல்ல முடியாது அத்தான். அந்தக் காட்டில் பாறை தலை நீட்டிக்கொண்டிருக்கிறது. வெட்டிச் சமன்படுத்த இரண்டு வருடமாகும். அதற்குள் ராமையா படிப்பை முடித்துவிடுவான். இடம் கிடைத்தாலும் கோல் கிடையாது, ஷூ கிடையாது, நீங்கள் கிடையாது. நிர்வாகக் குழுவில் இருப்பவர்களில் ஒருவர்கூட உங்களுக்குக் கெடுதல் நினைத்தவர் இல்லை. எல்லோரும் உங்களை மதிக்கிறார்கள். அதனால்தான் அவர்களோடு வாதாடுவது எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

ஆனாலும் வெள்ளிக்கிழமை எழுந்து நிற்பேன். அக்கா சொன்னதை அவள் சொன்னபடியே, ஒரு சொல்லைக்கூட நாகரிகப்படுத்தாமல் சொல்வேன். முடியாது என்று சொன்னால் காரணத்தை எழுத்தில் கேட்பேன். சரி என்று சொன்னால், மறுநாள் விடியும்போது ராமையாவும் அவன் கூட்டாளிகளும் அரிவாளோடு அங்கே இருப்பார்கள். நானும் இருப்பேன். முள் வெட்டிப் பழக்கமில்லாத கை. முதல் நாளே கொப்புளம் வரும். வரட்டும்.

அக்காவின் ஒரே தம்பி,
உங்கள் மச்சினன் சோமு