‘ஊனமின்றி வந்தான்’ என்ற ஓலையை அழிக்க வேண்டி

நலம் பெருகுக. ஏழு குன்றும் இரண்டு ஆறும் சூழ்ந்த வெண்கோட்டு நாட்டின் பேரமைச்சர் மாவளத்தனார் திருமுன்பு, மூன்று தலைமுறையாக வெண்குடை பெற்ற குரவங்குடிக் கிழார் வேண்மான் கீரன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் ஆணை செல்லும் ஊரெல்லாம் மழை பொய்யாதிருக்க.

கிழாரின் ஒரே மகன் கதங்கண்ணன், வட எல்லைப் போரில் ஒன்பது ஆண்டுகள் யானை மேலிருந்து முரசறைந்தவன். திரும்பி வந்தபோது உடலில் ஒரு கீறல் இல்லை. முரசொலியில் செவிகள் இரண்டும் கேளாமல் போயிருந்தன. மீண்டு வரும் வீரனைக் குறித்துக் குடித்தலைவன் வாகை மண்டபத்தில் ஓலை கொடுப்பது நாட்டு வழக்கம். ‘ஊனமின்றி வந்தான்’ என்று எழுதும் குடிக்கே வெண்குடை. கிழார் அப்படியே எழுதினார். மன்னர் கதங்கண்ணனைப் பெயர் சொல்லி அழைத்த கணம், அருகே நின்ற கிழார் அவன் மணிக்கட்டை அழுத்தினார், அவன் வணங்கினான். அவையில் ஒருவரும் அறியவில்லை.

இன்று அவன் மீண்டும் எல்லைக் காவலுக்கு அழைக்கப்பட்டிருக்கிறான். முதுகுக்குப் பின் குதிரை வந்தாலும் கேளாதவன் அங்கே எத்தனை நாள் உயிரோடிருப்பான்? படைவிலக்கும், போரில் ஊனமுற்றோர்க்குரிய உதிரப்பட்டி நிலமும் வேண்டி இருமுறை முறையிட்டாயிற்று. முதல்முறை ஊனம் ஆயும் மன்றத்தார் அவன் மேலாடையைக் களைந்து வடுத் தேடினர். சொந்த முரசு பகைவனின் படைக்கலம் ஆகுமோ என்று நகைத்தனர். இரண்டாம் முறை கிழாரின் ஓலையையே எடுத்து வாசித்தனர். அது பொய் என்று கிழார் எழுந்து சொன்னார். பொய்யோலை கொடுத்தவன் சொல் சான்றாகாது என்று விதி காட்டி அமர்த்திவிட்டனர். எழுதிய கையாலேயே அதை அழிக்க வழியில்லை.

மருமகள் இளவெயினி, “அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு நீங்களே காவலுக்குப் போங்கள், மாமா” என்றாள்.  போகலாமென்றால் எழுபத்து மூன்று வயதானவரைப் படை ஏற்பதில்லை.

ஆகவே வெண்குடை இவ்வோலையோடு திருப்பி அனுப்பப்படுகிறது. குரவங்குடி வாயிலில் இனி எவரும் குடை விரிக்கலாகாது என்று கிழார் தம் குடியினர்க்கு ஆணையிட்டுள்ளார். பொய்க்குரிய தண்டனை எதுவாயினும் அவர் தலைமேல் ஆகுக. வேண்டுவது ஒன்றே: மன்றத்தார் கதங்கண்ணனை மீண்டும் ஒருமுறை நிறுத்தி, பின்னின்று பெயர் சொல்லி அழைக்கட்டும்.

குரவங்குடியின் வாளைமீன் இலச்சினை கடைசி முறையாக இங்கே பொறிக்கப்பட்டது. அவனை அழைக்கும் நாளில் கிழார் அருகே நிற்க மாட்டார்.