ஈர வேட்டிச் சத்தியம்

ஏரல்
12.10.1996

ஊர்ப் பெரிய மனிதராகிவிட்ட என் வீட்டுக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. சாயப்பட்டறை அண்ணாச்சி இனிமேல் நம் கால்வாயில் கழிவை விடமாட்டேன் என்று சாஸ்தா கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாராம். ஊர் சார்பில் கோர்ட்டில் போட்ட கேஸை உடனே நீங்கள் வாபஸ் வாங்கிவிட்டீர்களாம். பூரித்துப்போனேன்.

கால்வாயில் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு சூடம் அணைப்பதுதானே நம் ஊர் வழக்கம்? அவர் காரில் இரண்டு கேன் தண்ணீர் கொண்டுவந்து, கரையில் நின்றே தலையில் ஊற்றிக்கொண்டதை உங்கள் தம்பி எழுதியிருக்கிறான். “இது என்ன குளியல்?” என்று அவன் ஒருவன்தான் கேட்டிருக்கிறான். “வேட்டி நனைஞ்சிருக்குல்லா, அது போதும். நீ சும்மா இருலே” என்று அவன் வாயை அடைத்தது நீங்களாம். என்ன பெருந்தன்மை!

சின்னவளுக்கு முதுகில் தடிப்பு அடங்கி வருகிறது. இங்கே கிணற்றுத் தண்ணீரில்தான் குளிப்பாட்டுகிறேன். இப்போது சொறிவதில்லை.

எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். அண்ணாச்சியை நம் கால்வாயில் ஒரே ஒரு முங்கு முங்கச் சொல்லுங்கள். அவர் முங்கிய மறுநாள் வருகிறோம்.

இப்படிக்கு,
சின்னவளின் அம்மா