நுரை வந்த கேழ்வரகு

பிப்ரவரி 3, திங்கள்

இவ்வளவு நேரங்கழித்து உன்னைத் திறப்பதற்குக் கோபித்துக்கொள்ளாதே, நோட்டே. மணி பதினொன்றே முக்கால். மீனு இப்போதுதான் கண் அசந்தாள். ஒன்பது மாதக் குழந்தைக்கு எங்கிருந்துதான் இத்தனை பலம் வருகிறதோ. நீ என் வீட்டுக்காரர் தருணுக்குப் போன வருஷம் ஆபீசில் கொடுத்த டைரி. பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தாய், எப்படித் தூக்கிப் போடுவது? தேதியை அடித்துத் திருத்தி எழுதுகிறேன்.

இன்று குப்பை எடுக்க வரும் மங்கல் மாவ்ஷி கதவைத் தட்டினார். "என்ன, ஊருக்குப் போயிட்டீங்களா? நாலு நாளா உங்க வீட்டுக் கச்ரா கண்ணுலயே படல." போகவில்லை மாவ்ஷி, இங்கேதான் இருக்கிறோம் என்றேன். காய்கறித் தோல் பால்கனித் தொட்டிக்கு. பால் பாக்கெட் கழுவிக் கொடியில். தருணின் பழைய வேட்டி மீனுவுக்கு இடுப்புத் துணி. இந்த வாகட் அடுக்குமாடியில் வீட்டுக்கு வீடு டயாபர் மூட்டையாகப் போகிறது. எங்கள் வீட்டில் ராத்திரிக்கு ஒன்றுதான்.

மளிகைக்கு, ஸ்ரீகண்ட் என்ற தயிர் இனிப்பு வந்த டப்பாக்கள், பதினான்கு. ஒவ்வொன்றிலும் தமிழில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஷெல்பைத் திறந்து திறந்து பார்க்கிறேன். பைத்தியமா எனக்கு?

பிப்ரவரி 5, புதன்

அரிசிச் சாக்கில் ஒரு பை தைத்தேன். தையல் கோணல். ஆனாலும் ஐந்து கிலோ தாங்குகிறது.

பிப்ரவரி 13, வியாழன்



ஏழு மணிக்கே எனக்கு ஹிஞ்சவடியில் வேலை. மீனுவின் பையைத் தருண்தான் கட்டினார். பத்தரைக்கு வந்தனா தாயி போன் செய்தார் — மீனுவை விடும் குழந்தைக் காப்பகம் அவருடையது. அக்காவை இங்கே தாயி என்பார்கள், கேழ்வரகை நாச்சணி என்பார்கள். "நாச்சணின்னு மாவு குடுத்து விட்டிருக்கீங்க. அடுப்புல வெச்சுக் கிளறினா சோப்பு மாதிரி நுரை வருது."

சீயக்காய். அம்மா கோவையிலிருந்து அனுப்பிய சீயக்காய்ப் பொடி. அதுவும் ஒரு ஸ்ரீகண்ட் டப்பாவில்தான் இருந்தது.

குழந்தை வாயில படல. படல, படலன்னு நூறு தடவ சொல்லிக்கிட்டேன். அந்த நுரைய அவங்க கவனிக்காம ஊட்டியிருந்தா?

ஓடினேன். மீனு வாழைப்பழத்தை முகமெல்லாம் பூசிக்கொண்டு சிரித்தாள். தாயி சிரிக்கவில்லை. "இனிமே கடையில சீல் போட்ட பாக்கெட் மட்டும் கொண்டு வாங்க. பழைய டப்பா எதுவும் உள்ள வராது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற இடம் பாத்துக்கங்க." மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த இடம். இது போனால் நான் வேலையை விட வேண்டியதுதான்.

சாயங்காலம் தருணிடம் கத்தினேன். "பேர் எழுதி ஒட்டியிருக்கேன்ல? படிச்சுப் பாத்தா என்ன?"

"டப்பா எல்லாம் ஒரே மாதிரி. ரெண்டு பொடியும் பிரவுன்." ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "எனக்குத் தமிழ் படிக்க வராது, கோதை. போசரில மராட்டி மீடியம் படிச்சவன். உனக்குத் தெரியும்தானே?"

தெரியும். தெரிஞ்சும் பதினாலு டப்பாலயும் எனக்கு மட்டும் எழுதி வெச்சிருக்கேன்.

"எல்லாத்தையும் போட்டுட்டு புதுசா ஒரு செட் வாங்கிரலாம்" என்றார்.

பிப்ரவரி 14, வெள்ளி

தூக்கிப் போடவில்லை. தூங்கவுமில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

தப்பு டப்பாவினுடையதா? யோசித்துப் பார்த்தால் இல்லை. குளிக்கிற சாமானைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டது நான். சீயக்காயும் சலவைச் சோடாவும் துணிசோப்புத் தூள் வந்த வாளிக்குப் போய், குளியலறையோடு நின்றன. மீனுவின் மாவுக்குக் காபித்தூள் வந்த கண்ணாடிப் பாட்டில். உள்ளே இருப்பது வெளியே தெரியும். மற்ற டப்பாக்களிலும் மேலே தமிழ், கீழே மராட்டி. மராட்டியைத் தருண் எழுதினார். என் கையெழுத்தைவிட அழகு, சொல்லவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

பாட்டிலோடு போனேன். சீல் போட்ட பாக்கெட் ஒன்றும் பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன், பயம்தான். எது எங்கே மாறிப் போனது, என்ன மாற்றினேன் என்று எல்லாம் சொன்னேன். தாயி மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார்.

"தினமும் இப்படி உங்க முன்னாடியே பாத்துட்டுத்தான் வாங்குவேன்."

"பாருங்க தாயி."

"நுரை வந்தா உங்க தலையிலதான் தேய்ப்பேன்." அப்போதுதான் சிரித்தார்.

பாக்கெட்டை வெளியே எடுக்கவே இல்லை. ஆபீஸ் போகிற வழியெல்லாம் முதுகு நிமிர்ந்தே இருந்தது.

பையை மட்டும் இனி நானே கட்டுகிறேன், ராத்திரியே. நான் கட்டுறேனே என்று தருண் கேட்டார். கொடுக்கவில்லை. அவர் முகம் சுருங்கியது. என்ன செய்ய, மனசு வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

"மீனுவுக்குக் கட்டுற அந்த வேட்டித் துணி இன்னும் இருக்கா? இங்க எட்டுக் குழந்தைக்கும் வேணும்" என்று தாயி கேட்டார். "சீல் போட்ட பாக்கெட்ல கொண்டு வரட்டுமா?" என்றேன். தோளில் ஒரு அடி விழுந்தது. வீடு வீடாகக் கேட்டுப் பழைய பருத்தித் துணி வாங்கி, அறுபது துண்டு வெட்டி, கொதிக்க வைத்துக் காயப் போட்டிருக்கிறேன். பால்கனிக் கதவு சாத்த முடியவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

மார்ச் 12, புதன்

மராட்டி இருக்கும்போது தமிழ் எதற்கு என்று ஒட்டுகளைச் சுரண்ட ஆரம்பித்தேன். தருண் கையைப் பிடித்தார். "அரே, விடு. நான் ஒம்போது டப்பா படிச்சிட்டேன்." மராட்டியை விரலால் மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். கடுகு சுலபமாக வந்தது. வெந்தயத்தில் வியர்த்துவிட்டது.

"யார் சொல்லிக் குடுத்தா?"

"போன்ல பாத்தேன். மீனு பெரிசாயி எனக்குச் சொல்லிக் குடுத்தா மானம் போயிரும்ல?"

ஒரு மாதமாக நான் தூங்கிய பிறகு உட்கார்ந்து படித்திருக்கிறார்.

மார்ச் 19, புதன்

இந்தப் பக்கத்தைப் பெரிய எழுத்தில், பிரித்துப் பிரித்து எழுதுகிறேன்.

தருண், இது உங்களுக்கு. நோட்டை மேசையில் திறந்தே வைக்கிறேன். நாளை ஏழு மணிக்கு எனக்கு வேலை. மீனுவின் பையை நீங்கள் கட்டுங்கள். கேழ்வரகு. துணி ஆறு. சின்னக் கரண்டி. நான் சரிபார்க்க மாட்டேன்.

படித்ததும் இங்கேயே கீழே பதில் எழுதுங்கள். தமிழில். சீக்கிரம்.